பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்

1

சென்ற சனிக்கிழமை, இங்கே லீட்ஸ் நகரில், எங்கள் தெருமுனைப் பேரங்காடியில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு அருகே நின்றுகொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், நீலச் சட்டை அணிந்த சிறுவன் ஒருவனைக் காணவில்லை என்று நிதானமாக அறிவித்தது. பெயரைச் சொன்னது. மறுபடியும் சொன்னது. அடுத்த வரிசையிலிருந்து அவன் தாய் அதே பெயரைக் கூவினாள். ரொட்டி அடுக்குகளின் பின்னாலிருந்து "மம்மி" என்று பதில் வந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்தக் கடைக்கு அது ஒரு செய்தியே அல்ல.

என் கூடை தரையில் கிடந்தது. வெங்காயங்கள் உருண்டு போயிருந்தன. கடைப் பணியாளர் ஒருவர் ஓடிவந்து நலமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்று தமிழில் பதில் சொல்லியிருக்கிறேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

இலஞ்சியில் பள்ளி மாணவனாக மேடை ஏறிய நாள்முதல், ஒட்டிப் பேசு என்றாலும் வெட்டிப் பேசு என்றாலும் சொல் தடுமாறாதவன் என்ற பெயர் எனக்கு உண்டு. எச்சரிக்கை மணி அடித்தபின் ஒரு வாக்கியத்தில் முடித்துக் கைதட்டல் வாங்கத் தெரிந்தவன் நான். அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ஆயினும் இந்தக் குறிப்புகளை எழுதுவது வெற்றியைச் சொல்வதற்காக அன்று. பெயரைச் சொன்னால் பிள்ளை திரும்பும் என்பது உலகமெல்லாம் ஒப்புக்கொண்ட ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தில் என் மகள் தென்றல் கையெழுத்திடவில்லை. அதனால் சென்ற ஆண்டு சாரல் பருவத்தில் குற்றாலத்தில் என்ன நேர்ந்தது என்பதை, ஊரில் பிள்ளை வளர்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

2

தென்றல் பிறந்தது இந்த ஊரில்தான். நகரப் பேருந்துகளுக்குக் கால அட்டவணை தயாரிக்கும் பிரிவில் எனக்கு வேலை. மனைவி சுபா ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். நான் காலையில் கிளம்பினால் அவள் மதியம் கிளம்புவாள். பிள்ளை எங்கள் இருவர் கைகளிலும் மாறி மாறி வளர்ந்தது.

இரண்டு வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. முதலில் காதைச் சோதித்தார்கள். காதில் பழுதில்லை, சமையலறையில் பிஸ்கட் உறையைப் பிரித்தால் மாடியிலிருந்து இறங்கி வருபவளுக்குக் காது எப்படிப் பழுதாகும்? பிறகு காத்திருப்போர் பட்டியலில் சேர்த்தார்கள். இந்த நாட்டில் காத்திருப்பதற்கும் ஒரு நாகரிகம் உண்டு. உங்கள் கடிதம் வந்தது என்று ஒரு கடிதம் வரும். இன்னும் காத்திருக்க வேண்டும் என்று வருந்தி இன்னொரு கடிதம் வரும். நம் ஊர் அலுவலகத்தில் மேசை மேசையாக அலைந்தவனுக்கு, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் ஓராண்டு அலைக்கழிக்கப்படுவது புதிய அனுபவம்.

ஒருவழியாக ஒரு பெண் நிபுணரின் முன் அமர்ந்தோம். பிள்ளை எப்போது அலறுகிறாள் என்று கேட்டார். "ஸ்டபர்ன்" என்றேன். எப்போது தரையில் படுத்துக்கொள்கிறாள் என்று கேட்டார். அதற்கும் "ஸ்டபர்ன்." நம் வீடுகளில் அடம், பிடிவாதம், வீம்பு, முரண்டு என்று நான்கு சொற்கள் இருக்கின்றன, நான்குக்கும் சேர்த்து என்னிடம் ஒரே ஆங்கிலச் சொல்தான் இருந்தது. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, அலறும் இடங்களில் என்ன ஓசை இருக்கும் என்று கேட்டார். எனக்குப் பதில் இருந்தது. கை உலர்த்தும் இயந்திரம். பேருந்தின் காற்று பிரேக். பிறந்தநாள் விழாவின் கைதட்டல். பதில் எப்போதும் என்னிடம் இருந்திருக்கிறது, கேள்விதான் இல்லை.

ஆட்டிசம் ஒரு நோயன்று. மூளை வளரும் விதத்தில் பிறவியிலேயே அமைந்த வேறுபாடு. கேட்பது, பார்ப்பது, தொடுவது, பேசுவது, பழகுவது எல்லாம் அந்தப் பிள்ளைக்கு வேறு அளவில் வந்து சேர்கின்றன. ஒரு பிள்ளைக்குப் பேச்சு வரும், இன்னொன்றுக்கு வராது. ஒன்று ஓசையைத் தேடும், இன்னொன்று ஓசைக்கு அஞ்சி ஒளியும். ஆதலால், "எங்க தெருவுல ஒரு பிள்ளைக்கு இப்படித்தான், ஆனா அது இப்படி இல்லையே" என்ற வாதம் செல்லாது.

தவறான எண்ணம் நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமென்று எண்ணிவிட வேண்டாம். என்னுடன் வேலை பார்க்கும் வெள்ளைக்காரர் ஒருவர், செய்தி கேட்டதும் கண்கள் விரிய, "உங்கள் மகளுக்கு என்ன அபூர்வத் திறமை? கணக்கா, பியானோவா?" என்று விசாரித்தார். "அப்பளம் நொறுக்குவது" என்றேன். பாவம், அதை ஏதோ இந்திய இசைக்கருவி என்று நினைத்துத் தலையாட்டினார்.

3

தங்கை கனகாவுக்கு அச்சன்புதூரில் ஒரு சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை ராணுவத்தில், எல்லையில் பணி. பெண் பார்த்துப் பிடித்துப்போயிற்று. நிச்சயத்துக்கு நாள் குறிக்க நானும் இருக்க வேண்டும் என்று அப்பா சொன்னதால், விடுப்பு வாங்கிக்கொண்டு மூவரும் இலஞ்சிக்கு வந்தோம்.

அப்பா காவல்துறையில் சார்பு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தென்காசிப் பக்கம் அவரை எஸ்.ஐ. அண்ணாச்சி என்றால்தான் தெரியும். நாங்கள் வந்து இறங்குவதற்கு முன்பே, பேத்தி ஏன் பேசுவதில்லை என்பதற்கு அவர் ஒரு விளக்கத்தைத் தெரு முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். "வெளிநாட்டுல வளந்த பிள்ளை. இங்கிலீஷ்தான் வரும். தமிழ் ஒரு வார்த்தை வராது."

அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமான பொய் என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழில் கேட்டால் பதில் வராது, தமிழ் தெரியாதே. ஆங்கிலத்தில் கேட்கத் தெருவில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. அருகில் போனால் விலகுவாள், வெள்ளைக்காரப் பழக்கம். காதில் பெரிய வட்ட உறை போல மாட்டியிருப்பாள், ஓசையைக் குறைப்பதற்காக மருத்துவர் சொன்னபடி நாங்கள் வாங்கிக் கொடுத்தது. ஊர் அதைப் பாட்டுக் கேட்கும் கருவி என்று முடிவுகட்டியது. ஒவ்வொரு அடையாளத்துக்கும் அந்தப் பொய்யில் ஓர் அறை ஒதுக்கப்பட்டிருந்தது.

வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். "என்ன அடக்கமான பிள்ளை! நம்ம பிள்ளையளும் இருக்கே, வாயத் தொறந்தா மூடாது." ஆண் பிள்ளை பேசாவிட்டால் ஊர் கவலைப்படும், பெண் பிள்ளை பேசாவிட்டால் ஊர் பாராட்டும். பக்கத்து வீட்டுச் சித்தப்பா மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஏலே, இவ பேச வேண்டியதையும் சேத்து நீ மேடையில பேசித் தீத்துட்டியோ? பிள்ளைக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கக் கூடாதாலே?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுபா உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலை அப்பாவிடம் நேராகக் கேட்டேன். "மாப்பிள்ளை வீட்டுக்கும் இதையேதான் சொல்லியிருக்கீங்களா?"

"பின்ன? பேத்திக்கு மூளையில கோளாறுன்னு தண்டோரா போடச் சொல்லுதியா?"

"கோளாறு இல்லப்பா. ஆட்டிசம்."

"அந்த வார்த்தை இந்த வீட்டுல வரப்படாது. ரத்தத்துல ஓடுதுன்னு சொல்லிட்டு அவங்க எந்திரிச்சுப் போயிருவாங்க. கனகு முகத்த நீதான் பாக்கணும்."

மரபுக்கு இதில் பங்கு உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் குடும்பத்தில் கண்ணாடி போட்டவர்கள் இருந்தால் பேரப்பிள்ளைக்கும் கண்ணாடி வரலாம். அதற்காக ஒரு பெண்ணை வேண்டாம் என்பவர் உண்டா என்று கேட்டேன். தாய் கொஞ்சாததாலும் கைப்பேசி பார்த்ததாலும் தடுப்பூசி போட்டதாலும் வருவதல்ல என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அருவியில் ஒரு மண்டலம் தலை நனைத்தால் தெளிந்துவிடும் என்று அவர் சொன்னபோது, தெளிவதற்கு அங்கே கலங்கியது எதுவுமில்லை என்றேன். நல்ல வாதங்கள். கல்லூரிப் போட்டியாக இருந்தால் கோப்பை எனக்குத்தான்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "உன் பட்டிமன்றத்த அங்கன மேடையில வச்சுக்க. நிச்சயத்துக்கு முந்தி நானே அவங்ககிட்டப் பக்குவமாச் சொல்லுதேன். அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காத."

4

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் பெற்றோர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வேலாயுதம் மாமா உர வியாபாரி. சொல்லுக்குச் சொல் "முறைன்னு ஒண்ணு இருக்குல்லா" என்பவர். செல்லத்தாய் அத்தை நல்ல உயரம். யாரைப் பார்த்தாலும் கையைப் பிடித்துக்கொண்டு பேசுபவர். சாப்பாட்டுக்குப் பிறகு, சீசன் அருமையாக இருக்கிறது, குற்றாலம் போய்விட்டு அப்படியே அவர்களை அச்சன்புதூரில் இறக்கிவிடலாம் என்று முடிவாயிற்று. அம்மாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. நாங்கள் ஏழு பேரும் ஒரு வேனில் கிளம்பினோம்.

பேரருவியில் கூட்டம் நெரிந்தது. எண்ணெய் தேய்த்த உடம்புகள், ஈரத் துண்டுகள், சிப்ஸ் கடைகளின் ஒலிப்பெட்டிகள், காவலர்களின் விசில். அதற்கெல்லாம் மேலே அருவியின் இடைவிடாத முழக்கம். தென்றல் காதுறையுடன், பெண்கள் உடை மாற்றும் இடத்துக்கு அருகே சுபாவின் பக்கத்தில் நின்று தரையில் ஓடும் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தண்ணீர் பிடிக்கும். அளவுக்கு மீறிப் பிடிக்கும். இத்தகைய பிள்ளைகள் பலருக்கு அப்படித்தான். அதுவே பெற்றோரின் பெரிய அச்சமும். ஆகவே வேலியோரமாகவே நிற்கச் சொல்லியிருந்தேன். அப்பாவும் வேலாயுதம் மாமாவும் நாள் குறிக்கும் பேச்சுக்காக என்னைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனார்கள்.

பின்னர் சுபா சொல்லித்தான் நடந்தது எனக்குத் தெரியும். அவள் மாற்றுத்துணி எடுக்கப் பைக்குள் குனிந்தாள். செல்லத்தாய் அத்தை அன்போடு தென்றலிடம் வந்து, "எப்பப் பாத்தாலும் என்னட்டி பாட்டு? அருவிக்கு வந்தா அருவி சத்தத்தக் கேக்கணும்" என்று காதுறையைக் கழற்றினார். மணிக்கட்டைப் பிடித்து, "நாலு சொட்டுத் தலையில படட்டும், வா" என்று அருவிப் பக்கம் இழுத்தார். அவர் மீது எனக்குக் குறை இல்லை. பாட்டுக் கேட்கும் கருவி என்றுதான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. தென்றல் வீறிட்டாள், அத்தையின் எண்ணெய்க் கை வழுக்கியது, அடுத்த கணம் பிள்ளை கூட்டத்துக்குள் மறைந்துவிட்டாள்.

சுபா தேநீர்க் கடைக்கு ஓடிவந்தபோது அந்தக் காதுறை அவள் கையில் இருந்தது. அதைப் பார்த்ததே போதும்.

"எந்தப் பக்கம்?"

"தெரியல்ல. பாத்துட்டுத்தான் இருந்தேன். குனிஞ்சேன், நிமிந்தேன், இல்ல."

நான் கடைத்தெருப் பக்கம் ஓடினேன். சுபா கோயில் பக்கம் ஓடினாள். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. அருவியின் வெண்மையில் செம்மண் நிறம் கலக்கத் தொடங்கியிருந்தது. குற்றாலத்துக்காரர்களுக்கு அதன் பொருள் தெரியும்: மேலே மழை கொட்டுகிறது, சற்று நேரத்தில் வெள்ளம் வரும், காவலர்கள் எல்லாரையும் வெளியேற்றுவார்கள், அருவியிலிருந்து பாலத்துக்கு அடியில் போகும் சிற்றாறு படிகளை மூடிக்கொண்டு ஓடும்.

அப்போது ஒலிபெருக்கி முழங்கியது. "பொதுமக்கள் கவனத்திற்கு. தென்றல் என்ற ஆறு வயதுச் சிறுமியைக் காணவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த குழந்தை. இங்கிலீஷ் மட்டுமே பேசும். பார்ப்பவர்கள் இங்கிலீஷில் கூப்பிடவும். பேபி தென்றல்! பேபி தென்றல்! கம் டு போலீஸ்!"

காவல் உதவி மையத்துக்குப் போன அப்பா சொன்னதைக் காவலர் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் நல்ல கூட்டம். உடனே உதவிக்கு வந்தது. பாலத்தின் மேலிருந்த இளைஞர்கள் வாயில் கைகுவித்துக் கத்தினார்கள். "தென்றல்! தென்றல்! கம், பேபி, கம்!" ஒரு வேன் ஓட்டுநர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். திசையெங்கும் என் மகளின் பெயர்.

லீட்ஸில் ஒரு பூங்காவில் மூன்று பேர் ஒன்றாகக் கூப்பிட்டதற்கே அங்கே நிறுத்தியிருந்த ஒரு காரின் அடியில் போய் ஒளிந்தவள் அவள். இங்கே கூப்பிடுவது ஆயிரம் பேர். ஒளிவதற்கு இருப்பது ஆறு.

5

காவல் உதவி மையத்துக்கு ஓடினேன். தகரக் கூரை, மேசைமீது ஒலிவாங்கி, தலைமைக் காவலர் ஒருவர். அப்பா அவர் அருகே நின்று, பழைய அதிகாரத் தோரணையில் கட்டளைகள் சொல்லிக்கொண்டிருந்தார். வேலாயுதம் மாமாவும் செல்லத்தாய் அத்தையும் வாசலில் நின்றார்கள். அத்தையின் முகம் வெளுத்திருந்தது. கனகா அவர் தோளைப் பிடித்திருந்தாள்.

"மைக்கைக் கொடுங்க சார். நான் பேசணும்."

"நாங்க சொல்லிட்டுத்தான இருக்கோம் தம்பி? நீங்க தேடுங்க."

"நீங்க சொல்லச் சொல்லத்தான் அவ ஒளிவா சார். அவ எந்தப் பாஷையும் பேச மாட்டா. கூப்பிட்டா வர மாட்டா. பயந்து தண்ணிக்குள்ள போயிருவா."

தலைமைக் காவலர் அப்பாவைப் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க இங்கிலீஷ் பேசும்னுல்லா சொன்னீங்க?"

அப்பா என் முழங்கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார். குரலைத் தாழ்த்தினார். "சொல்லுறதச் சொல்லு. பச்சைப் பாவாடைன்னு சொல்லு, மஞ்சச் சட்டைன்னு சொல்லு. அந்த வார்த்தைய மட்டும் மைக்குல சொல்லாத. அவங்க ரெண்டு பேரும் வாசல்ல நிக்காங்க. இந்தக் கூட்டத்துல பாதி நம்ம ஊர்க்காரன். ஏலே, இது கனகு வாழ்க்கை."

"பிள்ளை உயிருப்பா."

"நான் தேடுதேன்லா? போலீசு தேடுதுல்லா?"

அவர் கை என் முழங்கையை விடவில்லை. வாழ்நாளெல்லாம் பிடித்துப் பழகிய கை அது. வெளியே மீண்டும் ஒரு கூட்டம் "தென்றல்" என்று கூவியது.

கனகா வந்து அப்பாவின் விரல்களை என் முழங்கையிலிருந்து பிரித்தாள். அவள் அழவில்லை. வாசலில் நின்றவர்களுக்குக் கேட்கட்டும் என்றே உரக்கப் பேசினாள். "கைய எடுங்கப்பா. அண்ணே, நீ சொல்லு. உள்ளத அப்படியே சொல்லு. எனக்காக எவரும் ஒண்ணையும் மறைக்காண்டாம்."

தலைமைக் காவலர் வெளியே அருவியைப் பார்த்தார். "தண்ணி நெறம் மாறிருச்சு. நான் சைரன் போட்டே ஆகணும். சட்டுன்னு பேசுங்க தம்பி."

ஒலிவாங்கியைப் பிடித்தேன். நாக்கு பழக்கத்தின்படி அவை வணக்கத்துக்குத் திரும்பியது. அதை விழுங்கினேன்.

"நான் தென்றலோட அப்பா பேசுறேன். தயவுசெஞ்சு எல்லாரும் கூப்பிடுறத நிறுத்துங்க. என் மகளுக்கு ஆட்டிசம். அவளுக்கு இங்கிலீஷும் பேச வராது, தமிழும் பேச வராது. காது நல்லாக் கேக்கும். நம்ம எல்லாரையும் விட அதிகமாக் கேக்கும். சத்தம் கேட்டா பயந்து ஒளிஞ்சுக்குவா, தண்ணிப் பக்கம் போயிருவா. யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. பார்த்தா கையைப் பிடிக்காதீங்க. அவளுக்கும் தண்ணிக்கும் நடுவுல போய்ப் பேசாம உட்காந்துருங்க. உங்க கையில துண்டு இருக்கும். அதைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிங்க. தூரத்துல துண்டு தெரிஞ்சா நீங்களும் தூக்குங்க. அதைப் பாத்து நான் வந்துருவேன். கடைக்காரங்க ஒலிப்பெட்டியை நிறுத்துங்க. அவ்வளவுதான்."

என் வாழ்க்கையில் நான் பேசியவற்றுள் மிகக் குறுகியது அது. அலங்காரம் ஒன்றுகூட இல்லை.

6

முதலில் பாலத்து இளைஞர்கள் நிறுத்தினார்கள். பிறகு ஹாரன் நின்றது. நேந்திரம் சிப்ஸ் விலையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்த ஒலிப்பெட்டிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. சீசன் ஞாயிற்றுக்கிழமையில், அத்தனை ஆயிரம் பேர் நின்ற இடத்தில், அருவியின் ஓசை மட்டும் மிஞ்சியது. எங்கோ ஒரு குழந்தை அழத் தொடங்கியது. அதன் தாய் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள்.

துண்டு எதுவும் எழவில்லை.

கோயில் மதிலோரம் ஒரு வெள்ளைத் துண்டு உயர்ந்தது. ஓடினேன். பாதி வழியில் ஒரு பெரியவரின் அடக்கிய குரல்: "யோவ், துண்ட இறக்கும்வே! தலை துவட்டுற நேரமா இது?" துண்டு இறங்கியது. நின்ற இடத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஆற்று நீர் கலங்கிச் சிவந்து, பாலத்தின் கீழே முதல் படியை மூடியிருந்தது. தலைமைக் காவலர் சைரன் பொத்தானருகே கையை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

பாலத்துக்கு அப்பால், சரிவில், ஒரு சிவப்புத் துண்டு எழுந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு கட்டம் போட்ட துண்டு. பிறகு பச்சைக் கரை வேட்டி. பாலத்தின் கைப்பிடியோரம் வரிசையாக ஈரத் துண்டுகள் உயர்ந்து, சொட்டச் சொட்ட, என் காலடி வரைக்கும் வந்து சேர்ந்தன. யாரும் வாய் திறக்கவில்லை. விரல் நீட்டிக்கூட ஒருவரும் காட்டவில்லை. துண்டுகள் இருந்த வழியே நடந்தேன். ஓடினால் காலடி ஓசை கேட்குமே என்று நடந்தேன். கூட்டம் விலகி வழிவிட்டது.

படித்துறையில் இரண்டு தடித்த மனிதர்கள், நீருக்கு முதுகு காட்டி, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். வெளியூர்க்காரர்கள். இடுப்பு வரை ஆற்று நீர் அவர்கள் வேட்டியை இழுத்தது. தலைக்கு மேலே சிவப்புத் துண்டு. அவர்களுக்கு எதிரே, துவைகல்லுக்கும் சுவருக்கும் இடையிலான இடுக்கில், என் மகள். இரு கைகளாலும் காதைப் பொத்தி, நெற்றியைக் கல்லில் அழுத்திக் குந்தியிருந்தாள். அவள் கால் விரல்களைத் தண்ணீர் தொட்டது.

இருவரில் ஒருவர் என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தார். "தொடல்ல சார். கூப்பிடல்ல."

நான் சற்றுத் தள்ளிப் படியில் உட்கார்ந்தேன். காதுறையை அவள் பார்வை படும் இடத்தில் வைத்தேன். அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தேன். வாழ்நாளில் மிகக் கடினமான காத்திருப்பு அதுதான், தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, கையை நீட்டினால் எட்டும் தூரம். நீட்டியிருந்தால் அவள் எந்தப் பக்கம் துள்ளியிருப்பாள் என்பது எனக்குத் தெரியும்.

ஒரு சிறிய கை வந்து காதுறையை எடுத்தது. மாட்டிக்கொண்டாள். பிறகு எழுந்து, என் மடியில் முதுகு சாய உட்கார்ந்து, தன் பின்னந்தலையால் என் மார்பை இடித்தாள். ஒருமுறை, இன்னொரு முறை. இப்பிள்ளைகளுக்குப் பாசம் இல்லை என்று சொல்பவர்களுக்கு அந்த இடியைக் கடனாகக் கொடுக்க முடிந்தால் நன்றாயிருக்கும்.

தூக்கிக்கொண்டு மேலே வந்தேன். அந்த இருவரும் பின்னால் வந்தார்கள். நாங்கள் பாலத்தை அடைந்த பிறகுதான் சைரன் ஒலித்தது. திரும்பிப் பார்த்தேன், துவைகல் தெரியவில்லை.

7

வேன் கிளம்பியது. தென்றல் சுபாவின் மடியில் கிடந்தாள். முன்னிருக்கையில் அப்பா. நடுவில் மாப்பிள்ளை வீட்டார். கடைசியில் நாங்கள். தென்காசி தாண்டும்வரை வைப்பர் ஓசை மட்டும் கேட்டது.

அப்பாதான் தொடங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்தே பேசினார். "அவ இங்கிலீஷ் பேசுவான்னு நான் சொன்னது பொய். அந்தப் பொய்யத்தான் போலீசுக்கும் சொன்னேன். எம் பேத்தி ஆத்தோட போயிருப்பா."

வேலாயுதம் மாமா கனைத்தார். "நல்லவேளை, பிள்ளை கெடைச்சுட்டா. அது வேற. ஆனா எஸ்.ஐ. அண்ணாச்சி, முறைன்னு ஒண்ணு இருக்குல்லா? சம்பந்தம் பேசுற எடத்துல இப்படி ஒண்ண மறைச்சு வச்சு..."

என்னிடம் பதில்கள் அணிவகுத்து நின்றன. மரபு, மருத்துவம், மனிதநேயம், எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு பத்தி தயார். வாயைத் திறந்தேன்.

"நம்ம சொன்னோமா?"

கேட்டவர் செல்லத்தாய் அத்தை. கணவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஏட்டி, சும்மா இரு."

"நம்ம சின்னவனப் பத்தி அவங்ககிட்டச் சொன்னோமாங்கேன்? கொல்லத்துல ஹாஸ்டல்ல படிக்கான்னுல்லா சொன்னோம்."

கனகாவின் தலை நிமிர்ந்தது. மாமா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை பின்பக்கம் திரும்பி, இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் பேசினார்.

"பதினாலு வயசு தம்பி. எங்கண்ணன் வீட்டுல விட்டிருக்கோம். இந்தப் பாப்பா மாதிரிதான். பேச்சு கெடையாது. கைய இப்படி இப்படி ஆட்டுவான். டாக்டர் ஒரு பேரு சொன்னாரு, நாங்க கேட்டுக்கிடல்ல. கூப்பிட்டாத் திரும்ப மாட்டான். திமிருன்னு நெனச்சோம். அவங்கப்பா அடிப்பாரு. நானும் அடிச்சிருக்கேன். இன்னைக்குப் பாப்பா கையப் பிடிச்சு இழுத்தேம்லா, அப்படித்தான் அவனையும்..." அவரால் முடிக்க முடியவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மீண்டும் கேட்டார். "கூப்பிடாதீங்கன்னு மைக்குல சொன்னீங்க. கூப்பிடாம எப்படிக் கூப்பிடுறது தம்பி?"

மேடையில் இப்படி ஒரு கேள்வியை எவரும் என்னிடம் கேட்டதில்லை.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க அத்தை. அவன் எதப் பாக்கானோ அதையே நீங்களும் பாருங்க."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான் இல்ல. ரொம்ப இருக்கு. ஆனா அதுதான் மொதல்ல."

அவர் வெகுநேரம் தென்றலையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடவில்லை. மழைக்குள் இலத்தூர் விலக்கு வந்தது. நேரே போனால் அச்சன்புதூர்.

"டிரைவர் தம்பி," என்றார் அத்தை, "வண்டிய இலத்தூருக்குள்ள விடுங்க. எங்கண்ணன் வீடு அங்கனதான்."

ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து வேலாயுதம் மாமாவைக் கண்ணாடியில் பார்த்தார். மாமா சன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. அப்பா கையை வெளியே நீட்டி, பின்னால் வந்த பேருந்தை நிற்கும்படி சைகை செய்தார். வேன் திரும்பியது.